ஆண், இருபது

அந்தக் காலத்து ரயில் டிக்கெட்டில் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா என்று காட்ட ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் வயது, அவ்வளவுதான். பெயரெல்லாம் ரயில் கிளம்புகிற அன்று பெட்டிக் கதவருகே ஒட்டுகிற நீளத் தாளில்தான் வரும். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஏப்ரலில் அப்பா மெட்ராஸ் சென்ட்ரலில் அரை நாள் வரிசையில் நின்று, டெல்லிக்கு டிக்கெட் எடுத்து வந்தார். அம்மா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆண் நாற்பத்தெட்டு, பெண் நாற்பத்தொன்று என்று படித்தேன். அது அப்பாவும் அம்மாவும். கடைசியில் பெண் பதினான்கு, அது நான். நடுவில் ஆண் இருபது என்று இருந்தது.

அண்ணன் செத்து அப்போது பதினோரு மாதம். சாகும்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். அம்மா மட்டும் சாதாரணமாக, "வயசு கரீட்டாத்தான் போட்டுகீறாரு" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை வாங்கி, மடிக்காமல், அரிசி டின்னுக்கு மேலே இருந்த தட்டில் வைத்தாள்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அப்பா பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தார். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்கேயாவது போய் வர அந்தக் கம்பெனியில் ரயில் செலவு கொடுப்பார்கள். மற்றவர்கள் திருப்பதி, பழனி என்று முடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் டெல்லி என்று ஆரம்பித்தது அண்ணன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸாக இருந்தான். உலகமே தனக்குத் தெரியும் என்கிற மாதிரி பேசுவான். ஒரு நாற்பது பக்க நோட்டில் முதல் நாள் செங்கோட்டை, இரண்டாம் நாள் குதுப்மினார், மூன்றாம் நாள் பார்லிமெண்டும் இந்தியா கேட்டும் என்று எழுதி, எங்கே எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பது வரை குறித்து வைத்திருந்தான். டிசம்பரில் போவதாக இருந்ததால், 'அம்மாவுக்கு ஸ்வெட்டர், மறக்கக் கூடாது' என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தான்.

கடைசிப் பக்கத்தில் ரயில் பெட்டியின் படம் இருந்தது. அம்மாவுக்கு ஒரு பக்கத்துக் கீழ்ப் படுக்கை. எதிர்ப்பக்கம் கீழே ஜன்னலை ஒட்டி அவன். அவனுக்கு மேலே அப்பா. எல்லாவற்றுக்கும் மேலே, 'கழுதையும் மூட்டைகளும்'. கழுதை என்பது நான். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பஸ்ஸிலும் அவனுக்குத்தான் ஜன்னல், பெரியப்பா மாட்டு வண்டியிலும் அவனுக்குத்தான் முன்பக்கம். டிக்கெட்டைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த முதல் நினைப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோதும் ஜன்னல் அவனுக்கு, செத்த பிறகும் அவனுக்கே என்று நினைத்தேன். பதினான்கு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

அவன் செத்தது தண்டலத்துக்கு முன்னால், பெங்களூர் ரோட்டில். வேலை முடிந்து சைக்கிளில் வந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் வேனில் கொண்டுவந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் சுற்றித் தைத்திருந்தது. வேன் எங்கள் வாசலில் கொஞ்ச நேரம்தான் நின்றது. அம்மா முகத்தை மட்டும் காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். மாமா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பார்த்தால் தாங்க மாட்டாள் என்று நல்லதுக்குத்தான் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வேன் அப்படியே போய்விட்டது.

பார்க்காததை அம்மா நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய்விட்டும் சொல்லவில்லை. யாராவது விசாரித்தால், "வெளில போயிகீறான், வந்துருவான்" என்பாள். ஊர்க்காரர்களும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அவள் சொல்வதற்குத் தலையாட்டப் பழகிக்கொண்டார்கள். சுவரில் அவன் படம் இருந்தது, ஆனால் மாலையோ பொட்டோ இல்லை. ரேஷன் கார்டில் அவன் பெயரை அடிக்க அவள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நாலு தட்டு வைப்பாள். நாலாவது தட்டுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் எனக்குப் பழையதாகப் போடுவாள். ஒரு வருஷம் முழுக்க நான் அண்ணன் சோற்றைத்தான் தின்றேன். அப்பாவும் நானும் செத்துவிட்டான் என்கிற வார்த்தையை வீட்டில் சொல்லக் கூடாது என்பது யாரும் போடாத கட்டளை. ஒரே ஒரு தடவை, கோபத்தில், "அவன்தான் இல்லையே" என்று ஆரம்பித்தேன். அப்பா என்னை அடித்தது வாழ்க்கையிலேயே அன்று மட்டும்தான்.

வைகாசி பிறந்தால் வருஷத் தெவசம் செய்ய வேண்டும். அது முடியாமல் ஊர் சுற்றப் போவது எங்கள் ஜனங்களுக்கு ஆகாது. எதிர்வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, இதைச் சொல்லித் தினமும் அப்பாவைத் துளைத்தெடுத்தாள். தெவசத்துக்கு அம்மா தலைகீழாக நின்றாலும் சம்மதிக்க மாட்டாள், செய்யாவிட்டால் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். அந்தத் திதியன்று ஊரிலேயே இல்லாமல் இருப்பதற்குத்தான் அவர் டெல்லியைப் பிடித்தார். அம்மாவிடம் கேட்டபோது அவள், "நாலு பேருன்னா போலாம்" என்றாளாம். பதினோரு மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். அப்பா நாலு பேருக்கு எழுதினார். வயதைப் பத்தொன்பது என்று போட மனசு வரவில்லை என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்.

பிறகு ஏற்பாடுகள் ஆரம்பித்தன. அம்மா அடுப்படியிலிருந்தே நோட்டில் அடுத்தது என்ன என்று கேட்பாள், நான் படிப்பேன். சின்னப் பூட்டு இரண்டு, வாங்கினோம். கயிறு, கூஜா, தலைவலித் தைலம். ஸ்வெட்டர் என்று வந்ததும், மே மாதத்தில் டெல்லி அடுப்பு மாதிரி காயும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். எழுதியிருக்கிறதே என்றாள் அம்மா. காஞ்சிபுரம் வரைக்கும் போய்த் தேடிப் பழுப்பு நிறத்தில் ஒன்று வாங்கி வந்தார். அந்த வெயிலில் ஸ்வெட்டர் கேட்டவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தாராம். அதற்கு அடுத்த நாள் அம்மா அண்ணனுடைய நீலக் கோடு போட்ட சட்டையைத் துவைத்து, இஸ்திரி போடக் கொடுத்து, பையில் எனக்கு எடுத்து வைத்த பாவாடைக்கு மேலே வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தா, சட்டையைப் பார்த்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையை நான் தொடவில்லை.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத் தூரம். டெல்லியிலிருந்து ஓட்டுக் கேட்க வந்த தலைவரும், அவரைப் பார்க்க வந்து நின்ற சாதாரண ஜனங்களும், பந்தோபஸ்துக்கு நின்றவர்களும் ஒரே நொடியில் போய்விட்டார்கள். பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. அப்பா கம்பெனியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் அத்தை எங்கிருந்தோ பேப்பர் வாங்கி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இறந்தவர்களில் சிலரை அடையாளமே தெரியவில்லை என்று படித்தபோது, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அவங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு மொகத்தக் காட்டுனாங்களாமா?" என்று கேட்டாள்.

அத்தை பேப்பரை மடித்துவிட்டாள். பேப்பரில் அதெல்லாம் போடவில்லை என்றாள்.

அதற்கப்புறம் சுற்று வட்டாரத்து ஊர்களிலெல்லாம் போலீஸ் விசாரணை நடந்தது. அந்நிய முகம் யாராவது தங்கியிருந்தார்களா, வீட்டை விட்டுப் போன வயசுப் பிள்ளைகள் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்தது ஒரு காலை வேளை. அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். இரண்டு பேர். ஒருவர் வயதானவர், கையில் நோட்டு வைத்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ரேஷன் கார்டை எடுத்து வரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். பெயர்களை வரிசையாகப் பார்த்தார். பையன் எங்கே என்று கேட்டார்.

அம்மா எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள். "வெளில போயிகீறான் சார். வந்துருவான்."

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, எங்கே போயிருக்கிறான் என்று கேட்டார். தெரியாது என்றாள் அம்மா. போய் எவ்வளவு நாளாகிறது என்றார். வர்ற வாரத்தோடு ஒரு வருஷம் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவை நன்றாகப் பார்த்தார். வயது கேட்டார். இருபது என்றாள். என்ன படித்தான், கடிதம் கிடிதம் போட்டானா, கூட்டாளிகள் யார் யார் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கூட வந்த இன்னொருவர் அரிசி டின் மேலிருந்த தட்டைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். டெல்லிக்கு, அதே வயதில் ஓர் ஆண். இப்போது இரண்டு பேருமே அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பெரியவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டி இவன்தானா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். மாலை போட்டிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவர் படத்தைக் கழற்றச் சொன்னார். இதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறோம், எல்லா ஊருக்கும் அனுப்புவோம் என்றார். அதட்டலாக இல்லாமல், விஷயத்தைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிருவோம்மா."

அம்மாவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்தது. பயம் துளிகூட இல்லை. அவர் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்து, "நெசமாத் தேடுவீங்களா சார்?" என்று கேட்டாள்.

"அண்ணன் செத்துட்டான் சார்" என்றேன் நான். "போன வருஷம். தண்டலத்தாண்ட, லாரி மோதி."

வீட்டுக்குள் அந்த வார்த்தை விழுந்தது அதுதான் முதல் தடவை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்க வரவில்லை. பெரியவர் யார் சொல்வது நிஜம் என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். சாவுச் சான்றிதழ் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் போனேன். அம்மா என்னைத் தாண்டிப் போய், தன்னுடைய புடவைகளுக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதத்தை எடுத்து வந்தாள். அது அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

"இதுல அப்டித்தான் எழுதிகீதாம்" என்று சொல்லி அவரிடம் கொடுத்தாள்.

அவர் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நோட்டில் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். படத்தை அவரே சுவரில் மாட்டி, கோணலாக இருந்ததைச் சரிசெய்துவிட்டு, வருகிறோம் என்று சொல்லாமல் வெளியே போனார்.

அன்று நான் அம்மாவைக் காப்பாற்றினேன் என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இல்லாவிட்டால் வீடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்திருக்கும் என்றார்கள். அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார். நானும் அப்படியே நம்பிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் எனக்குத் தெரியும். போலீஸ்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. படத்தைக் கழற்றியபோதும் திறக்கவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்த பிறகுதான் திறந்தேன். எனக்காக அந்த முகம் ஒரு நாளும் அப்படி மலர்ந்ததில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள், வார்த்தை மட்டும் வராது. அன்று மத்தியானமே தட்டு மூன்றாகிவிட்டது. நாலாவது தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் இத்தனை நாள் மனசுக்குள் கேட்டது அதைத்தானே. ஆனாலும் மூன்று தட்டுக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை. அவன் அன்றைக்குத்தான் செத்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் எனக்குப் பழையது இல்லை, புதிதாக இட்லி வார்த்திருந்தாள்.

டெல்லி வேண்டாம், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா புளிசாதத்துக்குப் புளி ஊற வைத்தாள். அதுதான் பதில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மெட்ராஸ் போகிற வழியில் நாலு இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் பையைத் திறந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். ஸ்வெட்டர் இருந்தது. நீலக் கோடு போட்ட சட்டை இல்லை. எடுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. அது நிம்மதியில் வந்த அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ட்ரலில் பெட்டிக் கதவருகே தாள் ஒட்டியிருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணன் பெயர், என் பெயர், ஒன்றின் கீழ் ஒன்றாக. அவன் பெயரை ஆங்கிலத்தில் அச்செழுத்தில் பார்த்தது அதுதான் கடைசி. நான் விரலை வைத்துப் பார்த்தேன், மை கையில் ஒட்டியது. அம்மா கேட்கவில்லை, நானும் படித்துக் காட்டவில்லை.

ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். மூன்று பேரையும் பார்த்து மூன்று இடத்தில் கோடு போட்டார். இருபது வயது ஆண் எங்கே என்று கேட்டார். அப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் குனிந்து என் கால் விரல்களைப் பார்த்தேன். இந்தத் தடவை என்ன ஆனாலும் நான் பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவன் வரலீங்க" என்றாள் அம்மா. "அந்த எடத்த யாருக்குனா குடுங்க."

அவர் தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் தகரப் பெட்டியோடு வந்து, அண்ணன் படுக்கையில் துண்டை விரித்தார்.

மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் விஜயவாடாவிலோ அதற்கு அடுத்த பெரிய ஸ்டேஷனிலோ இறங்கிப் போய்விட்டார். நடுப் படுக்கையை மடக்கியதும், நோட்டில் அவன் தனக்கென்று படம் போட்டிருந்த ஜன்னல் காலியாக இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். எத்தனை நாள் கழித்து என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை, ஆனால் அந்தப் போலீஸ்காரர் போன பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஜன்னலாண்ட நீ குந்து" என்றாள்.

உட்கார்ந்தேன். அம்மா தன் இடத்தை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது. மன்னித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. காய்ந்த நிலமும், கறுப்பு மண்ணும், பெயர் தெரியாத ஆறுகளும் போயின. வெயில் முகத்தில் அடித்தபோதும் நான் நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஜன்னல் கிடைத்திருந்தது.

ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. அம்மா என் மடியில் கையை ஊன்றி, என்னைத் தாண்டிக் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், பிளாட்பாரத்தில் போகிற பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ரயில் நகர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். டெல்லி வருகிற வரைக்கும், நின்ற ஸ்டேஷனில் எல்லாம், அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.